மேடையில் ஒரு புனிதர்: சமகால ஓபரா எழுத முழுமையான வழிகாட்டி

ஓபரா என்ற மேற்கத்திய இசைநாடகம் நானூறு வருடங்களாகப் பொறாமையையும் கள்ளக்காதலையும் கொலையையும் தின்று வளர்ந்த கலை. அதன் நடுவில் ஒரு புனிதரைக் கொண்டுவந்து நிறுத்தினால் பெரும்பாலும் தூக்கம்தான் வரும். முதல் காட்சியிலேயே அவர் நல்லவர், கடைசிக் காட்சியிலும் நல்லவர். இடையில் இரண்டரை மணி நேரம் பார்வையாளர் எதைப் பார்ப்பது?

இந்தக் கேள்விக்குப் பதில் கிடைக்கும்வரை ஒரு ஸ்வரம்கூட எழுதக் கூடாது என்பது என் கட்சி. மதப் பெரியார்களைப் பற்றிய ஓபராக்கள் பல படுத்துவிடுவதற்குக் காரணம் இசை மோசமாக இருப்பதல்ல. அங்கே நாடகமே இருப்பதில்லை. மேற்கத்திய இசைக்குறிப்பு எழுதத் தெரிந்த, குரலுக்குக் கொஞ்சமாவது எழுதிப் பழகிய ஒருவரை மனத்தில் வைத்து இதை எழுதுகிறேன்.

1. யாரை எடுப்பது

பாரிஸ் ஓபராவின் தலைவர் ரோல்ஃப் லீபர்மான் ஓபரா எழுதித் தரக் கேட்டபோது பிரெஞ்சு இசையமைப்பாளர் ஒலிவியே மெஸ்ஸியான் முதலில் மறுத்தார், தனக்கு அது வராது என்றார். பிறகு ஒப்புக்கொண்டபோது கிறிஸ்துவின் பாடுகளையோ உயிர்த்தெழுதலையோ எழுதலாமா என்று யோசித்தார். அதற்குத் தனக்குத் தகுதியில்லை என்று தோன்றவே, கிறிஸ்துவுக்கு மிக நெருக்கமாக வாழ்ந்தவர் என்று தான் கருதிய அசிசி ஊர்ப் புனிதர் பிரான்சிஸைத் தேர்ந்தெடுத்தார். 1975இல் தொடங்கி 1983இல் முடித்தார். அந்த ஆண்டு நவம்பர் 28 அன்று செய்ஜி ஓசாவா இசைக்குழுவை நடத்த, பாரிஸில் அது அரங்கேறியது.

மையத்திலிருந்து ஒரு படி தள்ளி நிற்கும் ஆளை எடுப்பது பக்தியால் மட்டும் வரும் முடிவல்ல, தொழில்ரீதியாகவும் அதுவே நல்லது. கடவுளாகவே கருதப்படுபவருக்குச் சந்தேகம் வராது, பயம் வராது. அவருடைய சீடருக்கு இரண்டும் வரும். ஜோனதன் ஹார்வியின் 2007ஆம் ஆண்டு ஓபராவில் புத்தர் வருகிறார். ஆனால் கதை நகர்வது அவருடைய சீடர் ஆனந்தரைக் காதலிக்கும் பிரகிருதி என்ற சண்டாளப் பெண்ணால்.

இன்னொன்றையும் முதலிலேயே பார்த்துவிடுங்கள். சில மரபுகளில் உருவமாகக் காட்டுவதே கூடாது. இஸ்லாமியர்கள் தங்கள் நபியை மேடையேற்றுவதை ஏற்பதில்லை. சீக்கியர்கள் தங்கள் குருக்களாக நடிகர்கள் வேடமிடுவதை எதிர்க்கிறார்கள். அப்படிப்பட்டவரைப் பற்றித்தான் எழுத வேண்டும் என்றால், அவரைக் காட்டாமல் அவரைச் சந்தித்தவர்களை வைத்துச் சொல்லும் வழி இருக்கிறது. நாடகத்துக்கும் அதுவே வலு.

2. முழு வாழ்க்கை வேண்டாம்

பிறப்பு, ஞானோதயம், அற்புதங்கள், மரணம் என்று வரிசையாகப் போனால் அது கோயில் சுவர் ஓவியம். ஒவ்வொரு படமும் அழகாக இருக்கும், ஒன்றிலிருந்து அடுத்தது பிறக்காது.

மெஸ்ஸியான் எட்டே காட்சிகள் வைத்தார். பிரான்சிஸின் பணக்காரத் தந்தையோடு நடந்த சண்டை, ஆயர் முன்னால் உடையைக் களைந்து கொடுத்தது, குப்பியோ ஊர் ஓநாயைப் பழக்கியது எல்லாவற்றையும் விட்டுவிட்டார். வேறு யாராக இருந்தாலும் தந்தை மகன் சண்டையைத்தான் முதலில் பிடித்திருப்பார்கள். அவருக்கோ அந்த மனிதருடைய உள்ளத்தில் அருள் படிப்படியாக வளர்வது மட்டும் வேண்டியிருந்தது. அதற்கு உதவாத எதுவும் உள்ளே வரவில்லை.

உங்கள் நாயகரின் வாழ்வில் தெரிந்த சம்பவங்களையெல்லாம் ஒரு தாளில் எழுதுங்கள். ஒவ்வொன்றின் பக்கத்திலும் 'இதற்கு முன்பு அவரால் முடியாதது எது, இதற்குப் பின்பு முடிந்தது எது' என்று குறியுங்கள். பதில் இல்லாத சம்பவம் எவ்வளவு புகழ்பெற்றதாக இருந்தாலும் அடித்துவிடுங்கள். மிஞ்சுவது ஐந்தாறுதான் இருக்கும், அது போதும்.

3. எதிர்ப்பு எங்கிருந்து வருகிறது

இந்த வழிகாட்டியில் ஒரு பகுதியை மட்டும் படிப்பதாக இருந்தால் இதைப் படியுங்கள். புனிதருக்கு எதிரே ஏதாவது ஒன்று நிற்க வேண்டும். வில்லன் தேவையில்லை, தடை தேவை. அதை வைக்க மூன்று இடங்கள் இருக்கின்றன.

முதல் இடம் அவருடைய சொந்த உடம்பு. மெஸ்ஸியானின் இரண்டாம் காட்சி முடியும்போது பிரான்சிஸ் ஒரு வேண்டுதல் வைக்கிறார்: நான் ஒரு தொழுநோயாளியைச் சந்திக்க வேண்டும், அவனை நேசிக்க என்னால் முடிய வேண்டும். அவருக்குத் தொழுநோயாளிகளைக் கண்டால் அருவருப்பு. அடுத்த காட்சியில் அந்த மனிதன் வருகிறான். சாதுவான நோயாளி அல்ல அவன், பணிவிடை செய்யும் துறவிகளை வாய்க்கு வந்தபடி ஏசுகிறவன். அவன் குரலில் வெறுப்பு தெறிக்கிறது. சன்னலுக்கு அப்பால் தேவதூதன் வந்து, உன் இதயம் உன்னைக் குற்றம் சாட்டுகிறது, கடவுள் உன் இதயத்தைவிடப் பெரியவர் என்று பாடுகிறான். பிரான்சிஸ் தொழுநோயாளியைக் கட்டி முத்தமிடுகிறார். நோய் தீர்ந்து அவன் ஆடிக் குதிக்கிறான். கண்ணுக்குத் தெரியும் அற்புதம் தொழுநோயாளிக்கு நடக்கிறது, உண்மையான மாற்றம் பிரான்சிஸுக்கு. வேண்டுதலை ஒரு காட்சி முன்னதாக வைத்ததால்தான் இந்த முத்தத்துக்கு எடை வந்தது.

இரண்டாவது இடம் நம்பிக்கையே ஆட்டம் காணும் நேரம். பிரெஞ்சு இசையமைப்பாளர் பிரான்சிஸ் பூலாங்க், கர்மேல் என்ற கத்தோலிக்கத் துறவுச் சபையின் கன்னியர் பற்றி எழுதிய ஓபரா 1957இல் மிலான் நகரின் லா ஸ்காலாவில் அரங்கேறியது. அதன் முதல் அங்கம் மடத்தின் வயதான தலைவி சாகும் காட்சியோடு முடிகிறது. ஆயுள் முழுக்க மரணத்தைத் தியானித்தவர் அவர். கடைசியில் பயந்து, புலம்பி, கடவுளை நிந்திக்கும் அளவுக்குப் போய்ச் சாகிறார். பிறகு இளம் கன்னியான கொன்ஸ்தான்ஸ் விளையாட்டாகச் சொல்வதுபோல் சொல்கிறாள்: வேறொருவருடைய மரணத்தை அவருக்குத் தவறிக் கொடுத்துவிட்டார்கள் போலிருக்கிறது, கோட்டு வைக்கும் அறையில் மாற்றிக் கொடுப்பார்களே, அந்த மாதிரி. அந்த ஒரு வரியில் கடைசிக் காட்சிக்கு வித்து விழுந்துவிடுகிறது. கதையின் நாயகியான, பயந்தாங்கொள்ளிக் கன்னி பிளான்ஷ் அமைதியாகச் சாகப் போவதற்குரிய விலையை வயதானவர் முன்கூட்டியே கொடுத்துவிட்டார். இதைவிடச் சிக்கனமான நாடகக் கணக்கை நான் பார்த்ததில்லை.

மூன்றாவது இடம் வெளியுலகம். இதற்கு நம்மிடமே உதாரணம் உண்டு. கோபாலகிருஷ்ண பாரதியார் பத்தொன்பதாம் நூற்றாண்டில் நந்தனார் சரித்திரக் கீர்த்தனை செய்தபோது, சேக்கிழாரிடம் இல்லாத ஒரு வேதியரைப் பண்ணையாராகச் சேர்த்தார். சிதம்பரம் போக வேண்டுமா, நாற்பது வேலி நிலத்தின் வேலையையும் முடித்துவிட்டுப் போ என்கிறார் அவர். பெரியபுராணத்தில் நந்தனாரின் தயக்கம் உள்ளுக்குள் இருக்கிறது. கீர்த்தனையில் அதற்கு எதிரே ஓர் ஆள் நின்று பேசுகிறார், பாடுகிறார். மக்கள் மனத்தில் தங்கியது அந்த வேதியர் இருக்கும் கதைதான். இல்லாத ஆளைச் சேர்த்தது சரியா என்ற விவாதம் தீரப் போவதில்லை. நாடகக்காரராக அவர் செய்ததில் பிழை இல்லை என்பேன்.

4. மூலமும் உரிமையும்

புனித நூல் பழையது, யாருக்கும் சொந்தமில்லை என்று நினைத்துக்கொண்டு ஒரு மொழிபெயர்ப்பை எடுத்துப் போட்டுவிடாதீர்கள். மூலத்துக்கு உரிமை இல்லாவிட்டாலும் மொழிபெயர்ப்புக்கு இருக்கும். இந்தியாவில் ஆசிரியர் இறந்து 60 ஆண்டுகள், ஐரோப்பாவில் 70 ஆண்டுகள். பூலாங்க்கே இதில் மாட்டினார். கர்மேல் கன்னியர் கதை கெர்ட்ரூட் ஃபான் லே ஃபோர்ட்டின் 1931ஆம் ஆண்டுக் குறுநாவலிலிருந்து வந்தது. அதன் மேடை உரிமை எம்மெட் லாவரி என்ற அமெரிக்கரிடம் இருந்தது. அந்தத் தகராறு தீரும்வரை பூலாங்க் மன உளைச்சலில் கிடந்தார். எழுத்து அனுமதி கைக்கு வராமல் இரண்டாம் காட்சிக்குப் போக வேண்டாம்.

5. லிப்ரெட்டோ

ஓபராவின் பாடல் வடிவ உரைக்கு லிப்ரெட்டோ என்று பெயர். மெஸ்ஸியான் தானே எழுதிக்கொண்டார். எல்லோருக்கும் அது கைவராது. ஒரு கவிஞரையோ நாடக ஆசிரியரையோ கூட்டுச் சேர்த்துக்கொள்வது நல்லது. பக்திப் பேச்சாளரை மட்டும் சேர்க்க வேண்டாம், அவர் விளக்கம் சொல்லத் தொடங்கிவிடுவார்.

உரையைச் சாதாரண வேகத்தில் வாய்விட்டுப் படித்து நேரம் குறித்துக்கொள்ளுங்கள். பாடினால் தோராயமாக இரண்டு, மூன்று மடங்கு ஆகும். ஆக, 90 நிமிட ஓபராவுக்கு 30 நிமிடம் பேசக்கூடிய உரையே தாராளம். இசை சொல்லிவிடும் எதையும் வார்த்தையில் வைக்கத் தேவையில்லை. 'நான் துயரத்தில் இருக்கிறேன்' என்று ஒருவர் பாடினால் அந்த வரியை வெட்டுங்கள்.

பிலிப் கிளாஸ் இதற்கு நேர்மாறான வழியில் போனார். 1980இல் ராட்டர்டாமில் அரங்கேறிய அவருடைய காந்தி ஓபராவில் மேடையில் நடப்பது தென்னாப்பிரிக்க வரலாறு, பாடுவது முழுக்கப் பகவத் கீதையின் சமஸ்கிருதச் சுலோகங்கள். உரையும் செயலும் தனித்தனியே ஓடுகின்றன. கடைசிக் காட்சி 1913ஆம் ஆண்டு நியூகாஸில் பேரணி. அங்கே சுரங்கத் தொழிலாளர்களை வேலைநிறுத்தத்துக்கு இழுத்தவர்களில் தமிழ்ப் பெண்கள் முன்னால் நின்றார்கள். ஓபராவிலும் மிஸஸ் நாயுடு என்று ஒரு பாத்திரம் உண்டு. காந்தி தனியாக நின்று கீதையின் நான்காம் அத்தியாயத்தைப் பாடும்போது, மேலே ஏறும் ஒரே சுர வரிசை திரும்பத் திரும்ப வருகிறது. கதை சொல்லும் கடமையிலிருந்து வார்த்தையை விடுவித்தால் அது மந்திரம்போல் ஆகிவிடும். விலையும் உண்டு: பாத்திரங்கள் ஒருவரோடொருவர் பேசிக்கொள்ள முடியாது. எனக்கு அது ஓபராவைவிட வழிபாட்டுக்கு நெருக்கமாகப் படுகிறது.

தமிழில் எழுதுபவர்களுக்கு ஒரு நடைமுறைக் குறிப்பு. நீண்டு நிற்கும் உச்ச ஸ்வரத்தை 'அன்பு', 'காற்று' மாதிரி குற்றியலுகரத்தில் முடியும் சொல்லின் கடைசி எழுத்தில் வைத்தால் அது 'அன்பூ' என்று இழுபடும். 'வா', 'அம்மா', 'நிலா' போன்ற நெடில் முடிவுகளை அந்த இடத்துக்குக் கொண்டுவரக் கவிஞரிடம் கேளுங்கள். சொப்ரானோ என்ற உச்சப் பெண் குரல் மேலே ஏற ஏற வார்த்தை தெளிவாகக் கேட்காது என்பதால், கதைக்கு அவசியமான தகவலை நடு ஸ்தாயியிலேயே சொல்லிவிடுங்கள்.

6. கடவுளுக்கு யார் குரல்

பெரும்பாலான இசையமைப்பாளர்கள் கடவுளுக்கு ஒரு கனத்த பாஸ் குரலைக் கொடுத்து, பின்னால் டிராம்போன்களை ஊதவிட்டுத் தப்பித்துக்கொள்வார்கள். கேட்பவர் மனத்தில் உடனே தாடி வைத்த ஒரு கிழவர் வந்துவிடுவார். அப்புறம் என்ன செய்தாலும் அவரை இறக்கிவிட முடியாது.

ஒரே மனிதக் குரலாக இருக்கக் கூடாது என்பதுதான் நல்ல தீர்வுகளுக்கெல்லாம் பொது. பெஞ்சமின் பிரிட்டன் ஆபிரகாம், ஈசாக்கு கதையை 1952இல் இசையமைத்தார். அது ஓபரா அல்ல, சிறிய கச்சேரிப் படைப்பு. அதில் ஆல்ட்டோ என்ற தாழ்ந்த பெண் குரலும் டெனர் என்ற உயர்ந்த ஆண் குரலும் ஒரே தாளத்தில் இணைந்து பாடுவதே கடவுள். அந்த டெனர்தான் ஆபிரகாம், அந்த ஆல்ட்டோதான் ஈசாக்கு. வெட்டப் போகிறவனும் வெட்டப்படப் போகிறவனும் சேர்ந்த குரல் என்று யோசித்துப் பாருங்கள். மெஸ்ஸியான் கிறிஸ்துவின் குரலை ஒட்டுமொத்த கோரஸுக்கும் கொடுத்துவிட்டார்.

அர்னால்ட் ஷோன்பெர்க்கின் மோசே ஓபரா இன்னும் ஆழமாகப் போகிறது. முட்செடியிலிருந்து வரும் குரலை ஆறு தனிக்குரல்கள் பாட, அதே சமயம் ஒரு கோரஸ் பேசுகிறது. 'நான் திக்குவாயும் மந்தநாவும் உள்ளவன்' என்று விவிலியத்தில் சொல்லும் மோசேக்கு அவர் பாட்டே தரவில்லை. தாளத்தோடு பேசுவது மட்டும்தான் அவருக்கு. அண்ணன் ஆரோனுக்கோ இனிமையான டெனர். உண்மையைக் கண்டவனுக்குச் சொல்லத் தெரியாது, சொல்லத் தெரிந்தவன் அதை விக்கிரகமாக்கிவிடுகிறான். முழு மோதலும் குரல் ஒதுக்கீட்டிலேயே முடிந்துவிட்டது. எனக்கு வார்த்தை வாய்க்கவில்லையே என்று மோசே விழும் இடத்தில் இரண்டாம் அங்கம் நிற்கிறது. 1932இல் அதை முடித்த ஷோன்பெர்க், 1951இல் இறக்கும்வரை மூன்றாம் அங்கத்துக்கு இசை எழுதவில்லை. ஓபராவின் ஜெர்மன் தலைப்பில் 13 எழுத்து வந்துவிடுகிறதே என்று பயந்து 'ஆரோன்' என்பதில் ஓர் எழுத்தைக் குறைத்தாராம் அந்த மனிதர்!

ஆகவே பாத்திரப் பட்டியல் போடும் நாளிலேயே யார் பாடுவார், யார் பேசுவார், யார் வாயே திறக்க மாட்டார் என்று முடிவெடுங்கள். மெஸ்ஸியானின் மேடையில் தனிக் குரல்களில் பெண் குரல் தேவதூதன் ஒருவனுக்கு மட்டும்தான், மற்றவர்கள் எல்லாம் ஆண்கள். அந்தக் குரல் எப்போது வந்தாலும் வேறு உலகத்திலிருந்து வந்தது புரிந்துவிடும். லைட்டிங் உதவியே வேண்டாம்.

7. இசைப் பொருளைச் சேகரிப்பது

மதம் என்றவுடன் கத்தோலிக்க வழிபாட்டின் கிரகோரியன் பாடலையோ வேத கோஷத்தையோ ஒலிப்பதிவு செய்து அப்படியே ஒட்டுவது சோம்பேறித்தனம். மெஸ்ஸியான் பறவைகளின் குரலைக் காதால் கேட்டு எழுதிச் சேர்த்தவர். பிரான்சிஸுக்கு உரிய பறவைக்காக அசிசிக்குப் போனார். தேவதூதனுக்காகப் பசிபிக்கில் உள்ள நியூ கலிடோனியாவரை போய் ஜெரிகோன் என்ற சிறு பறவையின் குரலை எழுதிவந்தார். இத்தாலியக் கதைக்குள் பசிபிக் பறவை எப்படி வரும் என்று கேட்டால், தேவதூதன் மட்டும் உள்ளூர்க்காரனா என்ன?

ஒவ்வொரு முக்கியப் பாத்திரத்துக்கும் ஒரு வடிவம், ஒரு வாத்தியச் சாயல், ஒரு ஸ்தாயி என்று அட்டவணை போடுங்கள். இவற்றில் ஒன்றாவது காட்சிக்குக் காட்சி மாற வேண்டும். மாறாவிட்டால் அது பெயர்ப்பலகை.

ஐந்தாம் காட்சியில் மெஸ்ஸியான் செய்த ஒரு தந்திரம் திருடத் தக்கது. தேவதூதன் வியல் என்ற பழைய வில் வாத்தியத்தை வாசிக்கிறான், பிரான்சிஸ் மயங்கி விழுகிறார். நம் காதில் விழுவது வியல் அல்ல, ஓந்த் மார்த்தனோ என்ற மின்னணு வாத்தியத்தின் மிக மெதுவான மெட்டு. கண்ணுக்கு ஒன்று, காதுக்கு வேறொன்று. அந்த இடைவெளியில்தான் அற்புதம் நுழைகிறது.

8. மரணம்

புனிதர் கதையில் மரணம் தவிர்க்க முடியாதது. அழுகைச் சங்கீதம் வைத்தால் போயிற்று. பூலாங்க் என்ன செய்தார் என்று பாருங்கள். பிரெஞ்சுப் புரட்சியின்போது 1794 ஜூலை 17 அன்று பாரிஸில் கொல்லப்பட்ட கொம்பியேன் ஊர்க் கர்மேல் கன்னியர் பதினாறு பேரின் வரலாறு அது. பிளான்ஷ் கற்பனைப் பாத்திரம். கன்னியர்கள் 'சால்வே ரெஜினா' என்ற மரியாள் துதியைப் பாடியபடி ஒவ்வொருவராகத் தலைவெட்டும் இயந்திரமான கில்லட்டினுக்குப் போகிறார்கள். ஒவ்வொரு முறை கத்தி விழும்போதும் கோரஸில் ஒரு குரல் குறைகிறது. அந்த ஓசை தாளக்கட்டுக்குள் விழுவதில்லை. அடுத்தது எப்போது என்று கேட்பவரால் எண்ண முடியாது, அந்தப் பதற்றம் ஸ்கோர் என்ற இசைக்குறிப்புப் பிரதியிலேயே எழுதப்பட்டிருக்கிறது. கடைசிக்கு முன்னவளான கொன்ஸ்தான்ஸ் கூட்டத்தில் பிளான்ஷைக் கண்டு ஒரு நொடி நிற்கிறாள். பிறகு பிளான்ஷ் மட்டும் தனியாக வேறொரு பாட்டின் கடைசி வரிகளைத் தொடங்குகிறாள், பாதியில் அறுபடுகிறது. மேடையில் ரத்தம் காட்டத் தேவையே இல்லை. உங்கள் மரணக் காட்சிக்கும் இப்படி எண்ணக்கூடிய, குறைந்துகொண்டே போகும் ஏதாவது ஒன்றைத் தேடுங்கள்.

9. ஸ்கோரும் ஒத்திகையும்

பிரான்சிஸ் ஓபராவுக்குச் சுமார் 120 வாத்தியக்காரர்கள், 150 பேர் கோரஸ், நான்கு மணி நேரத்துக்கும் மேல். பறவைகளுக்குப் பிரசங்கம் செய்யும் காட்சி மட்டுமே முக்கால் மணி நேரம். உங்களை ஒரு லீபர்மான் அழைக்கும்வரை ஐந்தாறு பாடகர்கள், பன்னிரண்டு வாத்தியங்கள் என்று திட்டமிடுங்கள். சிறிய குழு என்றால் தேவாலயத்திலும் கல்லூரி அரங்கிலும்கூட நடத்தலாம்.

முதலில் குரலும் பியானோவும் மட்டும் உள்ள ஸ்கோரை முடியுங்கள். அதைப் பாடகர்களை வைத்து உட்கார்ந்த இடத்திலேயே பாடிப் பார்க்கும் பட்டறை ஒன்று நடத்துங்கள். நடிப்பு, உடை எதுவும் வேண்டாம். எங்கே மூச்சு விட இடமில்லை, எந்தப் பாடகர் இருபது நிமிடம் தொடர்ந்து உச்சத்தில் நிற்கிறார், எங்கே எல்லோரும் தண்ணீர் பாட்டிலைத் தேடுகிறார்கள் என்று அங்கே தெரிந்துவிடும். வெட்ட வேண்டியதை அப்போதே வெட்டுங்கள். ஆர்க்கெஸ்ட்ராவுக்கு விரித்து எழுதுவது அதற்குப் பிறகுதான். மெஸ்ஸியானுக்கே நான்கு வருடம் எழுதவும் நான்கு வருடம் வாத்தியங்களுக்குப் பிரிக்கவும் ஆயிற்று.

பட்டறைக்கு அந்த மதத்தைச் சேர்ந்த நாலைந்து பேரையும் அழைத்து உட்கார வையுங்கள். அனுமதி கேட்பதற்காக அல்ல. வழிபாட்டில் எந்தச் சொல்லை யார் சொல்வார்கள், எந்தப் பாட்டு எந்த நாளுக்கு உரியது என்பது அவர்களுக்குத்தான் தெரியும். 2006இல் பெர்லினின் டாய்ச் ஓபர் என்ற அரங்கம் மொஸார்ட்டின் 'இடொமெனியோ' ஓபராவை ரத்து செய்தது நினைவிருக்கலாம். மொஸார்ட் எழுதாத ஒரு முடிவை இயக்குநர் சேர்த்து, புத்தர், இயேசு, நபி ஆகியோரின் வெட்டுண்ட தலைகளை மேடையில் வைத்திருந்தார். பாதுகாப்பு அச்சத்தில் நிறுத்தினார்கள், பெரும் விவாதத்துக்குப் பிறகு டிசம்பரில் நடத்தினார்கள். அந்த நாடகம் சரியா தவறா என்பது வேறு பேச்சு. உங்கள் ஸ்கோரில் இல்லாத ஒன்றுக்கு நீங்கள் பதில் சொல்லும் நிலை வரலாம். எனவே புனிதச் சின்னங்களைப் பயன்படுத்துவது பற்றி ஒப்பந்தத்தில் ஒரு பிரிவு போட்டுக்கொள்ளுங்கள்.

அரங்கேற்றத்துக்குப் பிறகு பெரும்பாலான புதிய ஓபராக்கள் அலமாரிக்குள் போய்விடும். இரண்டாவது தயாரிப்பு கிடைப்பதுதான் கடினம். அதற்காக இப்போதே செய்யக்கூடியவை: பியானோ மட்டும் வைத்து நடத்தக்கூடிய பதிப்பு ஒன்று, கச்சேரியில் தனியாகப் பாடத் தகுந்த இரண்டு பகுதிகள், ஒத்திகையில் திருத்தியதையெல்லாம் ஏற்றிய சுத்தமான ஸ்கோர். இந்தக் கடைசி வேலையை முதல் காட்சி முடிந்த மறுவாரமே செய்துவிடுங்கள். இசைக்குழுவை நடத்தும் கண்டக்டரின் பென்சில் குறிப்புகள் இருக்கும் பிரதி அதற்குள் யார் கைக்காவது போய்விடும்.